காட்டுப்பன்றித் தொல்லை: கேட்டதும் சொன்னதும்

மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் எனக்கு, கடலையும் மக்காச்சோளமும். இருபது வருஷமாகப் பன்றியோடு மல்லுக்கட்டுகிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அண்ணா, துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது. என் தோட்டத்துக்கு வரும் பன்றியை நானே சுடலாமா?

கூடாது தம்பி. லைசென்ஸ் துப்பாக்கிக்குத்தான், பன்றிக்கு இல்லை. 1972 வனவிலங்குச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். அதற்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும்.

கே: கம்பி கட்டி மோட்டார் லைனிலிருந்து கரண்ட் கொடுத்தால்?

இந்தக் கேள்விக்குத்தான் இன்று உட்கார்ந்தேன். 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளிப் பக்கம், பன்றிக்குப் போட்ட கள்ளக் கம்பியில் 3 யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி, செத்துக் கிடந்தவற்றையே சுற்றிச் சுற்றி வந்தன. ராத்திரி தண்ணீர் கட்டப் போகும் ஆளையும் அந்தக் கம்பி விடாது.

சோலார் வேலி வேறு. அதன் பெட்டி நொடிக்கு ஒரு தடவை சுரீரென்று உதைத்துவிட்டு நிறுத்திவிடும்; தொட்டது பயந்து விலகி ஓடும். லைன் கரண்ட் விடாமல் ஓடும், தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். வனத்துறையில் கேட்டுப் பதிவு செய்துதான் வேலி போட வேண்டும், 2023-லேயே விதி வந்துவிட்டது.

நான் முதலில் போட்டபோது கீழ்க்கம்பியை முழங்கால் உயரத்தில் கட்டினேன். காலையில் போய்ப் பார்த்தால் கம்பிக்கு அடியில் வழவழவென்று ஒரு பள்ளம், இரண்டு பாத்திக் கடலை காலி. பன்றி பெரும்பாலும் தாண்டாது, மூக்கை நுழைத்து முட்டும். ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பி கட்டியபிறகுதான் ஈர மூக்கில் உதை விழுந்தது. கம்பியில் புல் தொட்டால் கரண்ட் தரையில் இறங்கிவிடும். வாரம் ஒரு தடவை செதுக்குங்கள்.

கே: சலூன் முடி போட்டால் வராதாமே?

காய்ந்த முடி மூக்கில் ஏறினால் அதற்கு எரிச்சல்தான். மழை பெய்தால் போச்சு. வரப்போரம் ஆமணக்கு நாலு வரிசை நெருக்கமாக நடுங்கள், அதைப் பன்றி தின்னாது. முழுக்கத் தடுக்காது, தொல்லை குறையும்.

கே: ஃபோரேட் குருணையைத் துணியில் கட்டித் தொங்கவிடச் சொல்கிறார்களே?

2020-ஓடு தடை செய்த பூச்சிமருந்து. வேண்டாம்.

கே: கேரளாவில் ஊராட்சித் தலைவரே சுட உத்தரவு போடுகிறார். இங்கே மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

உண்மைதான், 2022-ல் அங்கே அந்த அதிகாரம் கொடுத்தார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டால் போதுமா? ராத்திரியில் குறி தவறாமல் சுடத் தெரிந்த ஆள் வேண்டும். காயம்பட்ட பன்றி புதருக்குள் படுத்திருந்து, தேடிப் போகிறவனின் தொடையைக் கோரைப்பல்லால் கிழித்துவிடும்.

கே (அவரே): அப்போ நாங்கள் விளைந்ததைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமா?

நான் அப்படிச் சொன்னேனா? என் கடலையும் போகிறது ஐயா.

கே (இன்னொருவர்): பீகாரில் பயிரழிக்கும் விலங்கு, சுட்டால் குற்றமில்லை என்றே அறிவித்தார்களே! இங்கே 3 கி.மீ.யை யார் டேப் பிடித்து அளப்பது?

2015 கடைசியில் பீகாருக்கும், அடுத்த வருஷம் உத்தராகண்டுக்கும் மத்திய அரசு அறிவித்தது. இரண்டுமே குறிப்பிட்ட இடங்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. கேரளா கேட்டது, கிடைக்கவில்லை. டேப் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். காட்டை ஒட்டி இருப்பவனுக்குத்தான் சேதம் அதிகம், அவனுக்குத்தான் 1 கி.மீ. தடை. இந்த ஒரு இடத்தில் விதி எனக்கும் பிடிக்கவில்லை.

கே: பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம். எப்போது காவல் இருக்க வேண்டும்?

கதிர் பால் பிடித்த நாளிலிருந்து. ஒரே பரணில் உட்காராமல் இடம் மாற்றுங்கள். பன்றிக்குக் கண் மட்டு, மூக்குதான் கூர்மை. நீங்கள் இருக்கும் திசை தெரிந்தால் மறுபக்கமாக வரும். வரிபோட்ட குட்டிகளோடு தாய் நின்றால் வழியை மறிக்காதீர்கள்.

கே: அவுட்டுக்காய், அதான் தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி?

மாடு ஒன்று தாடை கிழிந்து நின்றதைப் பார்த்தவன் நான். என்னிடம் கேட்காதீர்கள்.

கே: கம்பியில் கொஞ்சமாகக் கரண்ட் விட்டால்…

மாரண்டஅள்ளி யானைகளைப் பற்றி மேலே சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள்.

கே: அண்ணா, தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டினால் எந்தக் கலர் நல்லது?

வீட்டில் எது கிடைக்கிறதோ அது. மூணு நாள் பயப்படும், நாலாம் நாள் அதன் அடியிலேயே நுழையும்.