நவம்பர் ஆற்றுக்கு என்ன வாங்குவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் சஸ்குவஹானா, போட்டோமாக் ஆற்றங்கரைகளில் வசிக்கும் தமிழர்களிடமிருந்து வந்தவை. இலையுதிர்காலம் முடியும் நேரத்தில் ஃப்ளை ராடால் ('ஃப்ளை' என்ற, கையால் கட்டிய செயற்கை இரையை வீசும் தூண்டில் கோல்) ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்க என்ன வாங்கலாம், எதை வாங்காமல் விடலாம் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கும் மிகவும் பிடித்த விஷயம். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கோடையில் 5-ஆம் எண் ஃப்ளை ராடில் ட்ரவுட் பிடித்துப் பழகினேன். நவம்பரில் ஸ்மால்மவுத்துக்குப் போக ஆசை. கடைக்காரர் 700 டாலரில் 8-ஆம் எண் ராட் ஒன்றைக் காட்டுகிறார். அவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா? (கேம்ப் ஹில், பென்சில்வேனியா)

பதில்: 700 டாலர் தேவையில்லை. ஆனால் கையில் இருக்கும் 5-ஆம் எண்ணும் இந்த வேலைக்குப் போதாது.

ராடின் மேல் அச்சிட்டிருக்கும் எண், அது வீசக்கூடிய லைனின் (தூண்டில் நூலின்) கனத்தைச் சொல்கிறது. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் லைன்தான் கனம்; அதுதான் ஃப்ளையைச் சுமந்து போகிறது. லைனின் முதல் 30 அடி எத்தனை கிரெய்ன் என்று நிறுத்துத்தான் எண் தருகிறார்கள். 5-க்கு 140 கிரெய்ன், 7-க்கு 185, 8-க்கு 210. ஒரு கிராம் என்பது சுமார் 15.4 கிரெய்ன்.

இனி நவம்பரில் மீன் என்ன செய்கிறது என்று பாருங்கள். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, அதாவது 50 ஃபாரன்ஹீட்டில், பாஸ் தன் கோடைக்கால வேகத் தண்ணீரை விட்டு ஆழமான, நீரோட்டம் அடங்கிய மடுக்களுக்கு நகர்கிறது. அங்கே கூட்டமாகவும் சேரும். பசி இருக்கும், ஆனால் இரையைத் துரத்தி ஓடாது. குளிரில் அதன் உடல் இயக்கமே மெதுவாகிவிடுகிறது. ஆகவே மூன்று, நான்கு அங்குல ஃப்ளையை, உலோகக் கண் கட்டிய கனமான ஃப்ளையை, அடிமட்டத்துக்கு இறக்கி மெதுவாக இழுக்க வேண்டும். 5-ஆம் எண் லைனுக்கு அந்தக் கனத்தைத் தூக்கிப் போகும் வலு இல்லை. பாதி வழியில் தொய்ந்து, சில நேரம் நம் பின்தலையிலேயே வந்து அடிக்கும்.

9 அடி நீளம், 7-ஆம் எண். இதுதான் என் தேர்வு. ஹாரிஸ்பர்க் பக்கத்தில் ஆறு ஏறக்குறைய ஒரு மைல் அகலம், காற்றுக்குத் தடையே கிடையாது. அங்கேயே அதிகம் நிற்பீர்கள் என்றால் 8. ராட், லைனைச் சுற்றிவைக்கும் ரீல், லைன் மூன்றும் சேர்ந்த தொகுப்பு 200 டாலர் அளவில் கிடைக்கும், அது போதும். விலை உயர்ந்த ரீலும் வேண்டாம். கடல் மீன் மாதிரி பாஸ் நூறு கெஜம் இழுத்துக்கொண்டு ஓடாது. பெரும்பாலும் கையாலேயே லைனை இழுத்து மீனைக் கரை சேர்ப்பீர்கள். மிச்சமாகும் 500 டாலரை முதலில் உடுப்புக்கும் பிறகு லைனுக்கும் செலவிடுங்கள். குளிர் ஆற்றில் உங்களை மூன்று மணி நேரம் நிற்க வைப்பது அவைதான்.

கேள்வி: சென்ற ஆண்டு தள்ளுபடியில் வாங்கிய லைன் ஆகஸ்டில் அருமையாக ஓடியது. இப்போது ரீலிலிருந்து ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாக வருகிறது. லைன் கெட்டுவிட்டதா? திருப்பிக் கொடுக்கலாமா? (ஃப்ரெட்ரிக், மேரிலாண்ட்)

பதில்: கெட்டிருக்காது. பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'டிராபிக்கல்' அல்லது 'வார்ம் வாட்டர்' என்று எங்காவது போட்டிருக்கும். சுடுவெயிலில் லைன் துவண்டுவிடாமல் இருக்க, அதன் உள்ளிழையையும் மேல்பூச்சையும் விறைப்பாகச் செய்திருப்பார்கள். குளிரில் அந்த விறைப்பு கம்பியாகிவிடும். இதற்கு நேர்மாறாக, குளிர் நீருக்கான லைன் பின்னல் உள்ளிழையோடு மென்மையாக வரும். அதை ஆகஸ்டில் போட்டால் வேகவைத்த சேமியா மாதிரி துவளும்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஒரு கடையில் 'பாஸ் லைன்' என்று கேட்டேன், 'பாஸ் லைன்' என்று எழுதிய பெட்டியைக் கொடுத்தார்கள். எந்தப் பருவத்துக்கு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நவம்பர் மூன்றாம் வாரம் ஆற்றில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் அந்த லைனை நீட்டி நீட்டி விட்டதிலேயே காலை போய்விட்டது.

பயன்படுத்திய லைனைப் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்குவதில்லை, வாங்கச் சொல்லி வாதாடவும் நியாயமில்லை. அதைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதத்துக்கு, முனை மட்டும் மூழ்கும் 'சிங்க் டிப்' லைனைக் குளிர் நீருக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். மிதக்கும் லைனில் நீளமான லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் வரும் மெல்லிய நூல்) கட்டியும் ஆழத்துக்குப் போகலாம், ஆனால் ஆறடி மடுவில் ஃப்ளை இறங்கும்வரை காத்திருக்க நிறையப் பொறுமை வேண்டும். வாங்கும்போது பெட்டியில் கிரெய்ன் கணக்கையும் படியுங்கள். 7-ஆம் எண் என்று எழுதிவிட்டு 8-க்குரிய கனத்தை வைக்கும் லைன்கள் சந்தையில் ஏராளம். பழகுபவருக்கு அது கொஞ்சம் உதவும். மென்மையான ராடில் போட்டால் ராட் திணறும்.

இன்னொரு மிச்சம்: சிங்க் டிப்புக்கு, நுனி மெலியும் விலையுள்ள லீடர் தேவையே இல்லை. 12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் தங்கூசியை நான்கடி வெட்டி முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது.

கேள்வி: 20 டாலருக்குள் ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்? (ஸ்டேட் காலேஜ்)

பதில்: கயிறு கட்டிய தண்ணீர் வெப்பமானி. தண்ணீர் 15-லிருந்து 10 டிகிரிக்கு இறங்கும் வாரங்கள் பொன்னானவை. குளிர்காலத்துக்கு முன் மீன் கனமாகத் தின்னும். 10-க்குக் கீழே மெதுவாக இழுங்கள், இன்னும் மெதுவாக. 4 டிகிரி காட்டினால் வீட்டுக்குப் போகலாம். விடியற்காலை அலாரமும் வேண்டாம். இந்தப் பருவத்தில் பதினொரு மணிக்குப் போய் மூன்று, நான்கு மணிவரை நிற்பதுதான் லாபம், வெயில் தண்ணீரைக் கொஞ்சமாவது தொட்டிருக்கும்.

கேள்வி: வேடர்ஸ் வாங்க வேண்டும். நியோப்ரீனா, காற்றோட்டமுள்ள மெல்லிய வகையா? நண்பர் ஃபெல்ட் (கம்பளம் போல் அழுத்திய துணி) அடி வைத்த பூட்ஸ்தான் வழுக்காது என்கிறார். பழைய வேடர்ஸ் ஒன்று தண்ணீர் கசிகிறது, அதைத் தூக்கிப் போடவா? (லீஸ்பர்க், வர்ஜீனியா)

பதில்: மார்புவரை வரும் இந்த நீர்புகா உடுப்பில் தவறு செய்தால் மீன்பிடிப்பே வெறுத்துப் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியோப்ரீன் தடித்த ரப்பர் நுரை. விலை குறைவு, முள்ளுக்கு எளிதில் கிழியாது, அசையாமல் நிற்பவருக்கு நல்ல சூடு. ஆனால் கரையோரம் அரை மைல் நடந்தாலே உள்ளே வியர்த்து நனைந்துவிடுவீர்கள், பிறகு அந்த ஈரமே குளிரும். நடந்து நடந்து பிடிப்பவருக்கு மெல்லிய வகைதான் சரி. சூட்டை உள்ளாடை தரட்டும்: கம்பளி அல்லது செயற்கை இழையில் ஒன்று, அதற்கு மேல் ஃப்ளீஸ் ஒன்று. பருத்தி மட்டும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜீன்ஸ் மேல் வேடர்ஸ் மாட்டிக்கொண்டு நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைக்குப் போகும்போது அந்த உள்ளாடைகளையும் கம்பளிக் காலுறையையும் எடுத்துப் போங்கள். அவற்றைப் போட்டுக்கொண்டே வேடர்ஸை மாட்டி, ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். முட்டி இடுப்பை இழுத்தால் அளவு சின்னது. பூட்ஸ் வழக்கமான அளவைவிட ஒன்று பெரியதாக இருக்கட்டும். கால் குளிர்வதற்குப் பெரும்பாலும் காரணம் இறுக்கமான பூட்ஸ்தான். ரத்த ஓட்டம் தடைப்பட்டால் எத்தனை காலுறை போட்டும் பயனில்லை.

ஃபெல்ட் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது ஒரு பக்கம் சரி. பாசி பிடித்த கல்லில் ஃபெல்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஃபெல்ட் காய நாளாகும். அந்த ஈரத்தில் வேண்டாத பாசிகள் ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் பயணம் செய்கின்றன. அதனால்தான் மேரிலாண்ட் 2011-இல் ஃபெல்ட் அடியைத் தடை செய்தது. நீங்கள் வர்ஜீனியாவில் இருக்கிறீர்கள், ஆனால் போட்டோமாக் ஆறு வர்ஜீனியாக் கரைவரை மேரிலாண்டுக்குச் சொந்தம். ஆகவே உங்கள் ஊர்க் கரையில் இறங்கினாலும் மேரிலாண்ட் சட்டம் உங்களைப் பிடிக்கும். கார்பைடு ஆணி பதித்த ரப்பர் அடி வாங்குங்கள், ஊன்றுகோல் ஒன்றும் சேர்த்து.

பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பானில் ஊற்றி அடியுங்கள். பல மெல்லிய வகைகளில் ஊசித்துளை இருக்கும் இடம் கரும்புள்ளியாகத் தெரியும். பேனாவால் வட்டமிட்டு, யூரேதேன் பசை ஒரு பட்டாணி அளவு தடவி, இரவு முழுக்கக் காயவிட்டால் போதும். கசிவு தையலோரம் இருந்தால் அது செய்தவர் குறை. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். முள் கிழித்தது என்றால் அது உங்கள் கணக்கு.

கேள்வி: இணையத்தில் 100 ஃப்ளை 25 டாலர். கடையில் ஒன்றே 6 டாலர். ஏன் இத்தனை வித்தியாசம்? (லங்காஸ்டர்)

பதில்: வித்தியாசம் தூண்டில் முள்ளில் இருக்கிறது. மலிவுப் பெட்டி ஃப்ளையை எடுத்து, முள்முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கிப் போனால் அது மீன் வாயிலும் வழுக்கும். தவிர, அந்த நூறில் எண்பது ட்ரவுட்டுக்கான சின்னஞ்சிறு பூச்சிகளாக இருக்கும். நவம்பர் பாஸுக்கு அவை பயன்படா.

ஆறே ஆறு நல்ல ஃப்ளை போதும். அதில் நான்கு, 'கிளவ்சர் மின்னோ' என்னும் சிறுமீன் வடிவ ஃப்ளை. சஸ்குவஹானா கரையில் உள்ள மிடில்டவுனைச் சேர்ந்த பாப் கிளவ்சர், 1980-களில் இதே ஆற்றின் ஸ்மால்மவுத்துக்காகவே இதைக் கட்டினார். இன்று உலகம் முழுக்கக் கடலிலும் வீசுகிறார்கள். முள்ளின் கழுத்தருகே டம்பெல் வடிவ உலோகக் கண், அதனால் ஃப்ளை தலைகீழாகப் புரண்டு முள் மேல்நோக்கி நீந்தும், கல்லில் அதிகம் மாட்டாது. கனமான கண்ணில் இரண்டு, லேசான கண்ணில் இரண்டு வாங்குங்கள். பாக்கி இரண்டு, பழுப்பு நிற நன்னீர் இறால் வடிவம்.

மழை பெய்த மறுநாள் ஆறு முழுக்க உதிர்ந்த இலை மிதக்கும். அன்றைக்கு எந்த ஃப்ளையும் பாதி நேரம் இலையைத்தான் பிடிக்கும். முள்ளுக்குக் குறுக்கே நைலான் தடுப்பு வைத்தவை ஒன்றிரண்டு இருந்தால் நல்லது.

கேள்வி: 'வாழ்நாள் உத்தரவாதம்' உள்ள பழைய ராட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (பால்டிமோர்)

பதில்: வாங்கலாம், ஆனால் உத்தரவாதம் கூடவே வருகிறது என்று நினைத்து வாங்காதீர்கள். பெரும்பாலும் அது முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். அவருக்கும்கூட, உடைந்த துண்டை அனுப்பும்போது சேவைக் கட்டணம் உண்டு. ராடை வெயிலில் பிடித்து விரல் நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். கனமான ஃப்ளை பறந்து வந்து மோதிய இடத்தில் சிறு வடு இருக்கும். கண்ணுக்கு ஒன்றுமில்லாத மாதிரித் தெரியும், மீன் இழுக்கும்போது அங்கேதான் ஒடியும். இணைப்புகள் ஆடாமல் பொருந்துகின்றனவா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: நவம்பர் நடுவில் பென்சில்வேனியா மீன்பிடி உரிமம் வாங்குகிறேன். ஆண்டு உரிமமா, ஒரு நாளா? (ஹெர்ஷி)

பதில்: ஓரிரு முறைதான் போவீர்கள் என்றால் ஒரு நாள் உரிமம். ஆண்டு உரிமம் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கானது டிசம்பர் 1-இலேயே விற்பனைக்கு வரும், அன்றிலிருந்தே செல்லும். 13 மாதம் கிடைக்கிறது. சஸ்குவஹானாவில் பாஸுக்கு மட்டும் போகிறவர் ட்ரவுட் அனுமதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா? (ஹாரிஸ்பர்க்)

பதில்: குழம்புக்கு மீனைக் கடையில் வாங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 20 அங்குல ஸ்மால்மவுத் வளர இந்த ஆறுகளில் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். 2005-இலிருந்து சஸ்குவஹானாவின் குஞ்சு மீன்கள் நோயால் கூட்டமாக இறந்து, மீன்வளம் நொடிந்து, மெல்ல மெல்லத்தான் மீண்டு வந்தது. எந்தப் பகுதியில் வைத்துக்கொள்ளலாம், எங்கே கட்டாயம் விட வேண்டும் என்பது பென்சில்வேனியா மாநில மீன், படகு ஆணையத்தின் அந்தந்த ஆண்டு விதிப் புத்தகத்தில் இருக்கிறது, இலவசம். நாமே பிடிக்கும் மீனை வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் உண்ண வேண்டாம் என்ற பொது அறிவுரையும் அந்த மாநிலத்தில் உண்டு.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. இந்த மாதம் நண்பனோடு கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போய் ஃப்ளை வீசப் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது. என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும்? (மெக்கானிக்ஸ்பர்க்)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, கயாக்கிலும் கேனோவிலும் 16 அடிக்குக் குறைந்த எந்தப் படகிலும் லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். படகில் கிடந்தால் போதாது.

ஊதிப் பெருகும் வகை வேண்டாம், நுரை அடைத்த வகை வாங்குங்கள். அது தானாக மிதக்கும், மார்புக்குச் சூடும் தரும். இந்தக் குளிர்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே போராட வேண்டியிருக்கும். அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்காமல் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் அப்படித்தான். மாற்றுடை ஒரு தொகுதி நீர்புகாப் பையில் கயாக்கிலேயே இருக்கட்டும், இன்னொன்று காரில்.

ஹாரிஸ்பர்க்கில் டாக் ஸ்ட்ரீட் அணை இருக்கும் பகுதிக்கு அவன் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். உயரம் குறைந்த அணை, மேலிருந்து வருபவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கீழே சுழலும் தண்ணீர் பிடித்த ஆளை விடாது. பல உயிர்கள் போயிருக்கின்றன. ஜாக்கெட் வாங்கப் போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள். குளிர் உடுப்பெல்லாம் போட்டு, அதன் மேல் மாட்டி, வாரை இறுக்கி, கையைத் தூக்கி ராட் வீசுவது போல் நாலு முறை வீசிப் பார்க்கட்டும். அக்குளில் உரசினால் ஆற்றில் கழற்றிவிடுவான். உரசாத இன்னொன்றைத் தேடி எடுங்கள்.