மரக்கறி மண்ணில் நல்ல பங்கசு செத்துவிட்டதா?

கேள்வி: வெலிமடைப் பக்கம் அரை ஏக்கர் காணி. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஏழெட்டு வருடமாக கோவா, பீற்றூட், லீக்ஸ் என்று மாறிமாறிப் போடுகிறோம். இப்போது எவ்வளவு உரம் போட்டாலும் லீக்ஸ் மெலிந்தே நிற்கிறது. நல்ல பங்கசு செத்துவிட்டதாம். அந்தப் பங்கசுள்ள பொடியை வாங்கிப் போடச் சொல்கிறார் கடைக்காரர். மேலே உள்ள காட்டு மண்ணைக் கொண்டுவந்து கொட்டினால் போதாதா?

பதில்: பொடிக்குக் காசு கொடுக்கும் முன் நாலைந்து லீக்ஸைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். அடித்தட்டு பழுப்பாகி அழுகியிருந்தால் அது நோய். கீழே சொல்வது அதற்கு மருந்தல்ல. வேர் வெள்ளையாக, ஆனால் குறைவாக இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

தேயிலையும் லீக்ஸும் வேருக்குள் குடியிருக்கும் ஒரு பங்கசின் துணையோடு பொசுபரசு எடுப்பவை. தேயிலை நின்றவரை மண் கிளறப்படவில்லை, உயிர்வேரும் எப்போதும் இருந்தது. கோவா, ராபு, நோக்கோல், பீற்றூட் இந்தப் பங்கசை வேரில் சேர்ப்பதே இல்லை. அவற்றை அடுத்தடுத்து நட்டு, போகத்துக்குப் போகம் கொத்தினால் அதன் இழைகள் அறுந்து, உணவில்லாமல் மெலிந்துபோகும். டொலமைற்றுச் சுண்ணாம்பால் மண்ணின் புளிப்பு குறைவதும் பங்கசுக் கூட்டத்தை மாற்றும். மொத்தப் பங்கசு வகைகள் குறையாமலேகூட இது நடக்கும். ஆகவே ‘செத்துவிட்டது’ என்பது மிகை.

பெரிய காரணம் பொசுபரசாகவே இருக்கக்கூடும். கோழி எருவும் முச்சுப்பர் பொசுபேற்று என்ற பொசுபரசு உரமும் சேர்ந்து மண்ணில் அது குவிந்தால், செடி பங்கசுக்குச் சீனி கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த மண்ணில் எந்தப் பொடியும் பிடிக்காது. கமநல சேவை நிலையத்தில் விசாரித்து மண் பரிசோதனை செய்யுங்கள். பொசுபரசு அதிகமென்று வந்தால் அடுத்த போகத்துக்கு முச்சுப்பரை விட்டு, கோழி எருவையும் குறைத்து, தழைச்சத்தையும் பரிசோதனையில் குறைவென்று வந்த சத்தையும் மட்டும் கொடுங்கள்.

கோவாவுக்கோ பீற்றூட்டுக்கோ அடுத்து நேரே லீக்ஸ் வேண்டாம். இடையில் இந்தப் பங்கசை வேரில் சேர்க்கும் போஞ்சியோ சோளமோ ஒரு போகம் போடுங்கள்.

காட்டு மண் எடுக்காதீர்கள். காப்புக்காடென்றால் சட்டப்படி குற்றம். வேரழுகலும் கூடவே வரலாம். பைனஸ் அடி மண்ணிலும் பயனில்லை, அந்த மரத்தின் பங்கசு இனம் வேறு. மானாப்புல்லும் இதே பங்கசை வேரில் சேர்க்கும். உங்கள் வரம்பில் அது நோயில்லாமல் நின்றால் அதன் வேரோடு மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணைத் தோண்டி, வேரைப் பொடியாக நறுக்கி, லீக்ஸ் நாற்றுப் பாத்தி மண் பத்துக்கு ஒரு பங்கு கலவுங்கள். கோவாவில் வேர்முடிச்சு வந்த இடத்து மண் மட்டும் கூடாது. பக்கத்துப் பாத்தியைக் கலக்காமல் விட்டால் வித்தியாசம் உண்டா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். பாத்திக்குப் பங்கசுக்கொல்லி ஊற்றினால் கலந்த பங்கசும் சாகலாம், பிறகு இரண்டு பாத்தியும் ஒன்றுதான்.

திரும்பத் தேயிலை வைக்கும் எண்ணமிருந்தால் கணக்கே வேறு. பென்சில் தடிப்புப் பழைய வேரையும் பொறுக்கிவிட்டு, மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ 18 முதல் 24 மாதம் வளர்த்து, வெட்டிய புல்லை அங்கேயே பரப்ப வேண்டும். டொலமைற்று போட்ட காணி என்பதால் நடுமுன் பிஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இறங்கிவிட்டதா என்று பாருங்கள்.