கேள்வி பதில்: ஏ.ஆர்.டி. மாத்திரையும் கூடப் போடும் மாத்திரைகளும்

நான் ஏ.ஆர்.டி. மருந்தகத்தில், அதாவது எச்.ஐ.வி. வைரஸை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து தரும் இடத்தில், மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். இங்கே கேட்டிருப்பவர்கள் எல்லோரும் சாப்பிடுவது டி.எல்.டி.: டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒன்று. பதில்கள் அதற்குத்தான்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்: வடக்கே லோடு போனா நேரம் தவறிப் போகுதுங்க அக்கா. மறுநாள் ரெண்டாப் போட்டுக்கலாமுங்களா?

வேண்டாம் தம்பி. ஞாபகம் வந்ததும் போட்டுவிடுங்கள். அடுத்த மாத்திரைக்கு 4 மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இதற்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது; தாபா வரட்டும் என்று காத்திருக்காமல் அலாரம் அடித்ததும் விழுங்கலாம். டப்பாவை டேஷ்போர்டு மேல் வெயிலில் வைக்காதீர்கள். நீண்ட டிரிப் என்றால் முன்பே மையத்தில் சொல்லிக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி டெய்லர்: ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருக்காங்க. கேஸுக்கு ஜெலுசிலும் குடிக்கிறேன்.

நல்ல வேளை கேட்டீர்கள் அம்மணி. ஜெலுசிலில் இருக்கும் மெக்னீசியமும் அலுமினியமும் வயிற்றிலேயே டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து ஜெலுசில் குடியுங்கள். முதலில் ஜெலுசில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். காலை 6 மணிக்கு மாத்திரை, ஷிப்டுக்குப் போன பிறகு ஜெலுசில் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். ஆனால் அவற்றை மட்டும் சாப்பாட்டோடு இதனுடன் சேர்த்தே போடலாம்.

ஈரோடு: சர்க்கரைக்கு மெட்பார்மின் போடுகிறேன்.

டோலுடெகிராவிர் ரத்தத்தில் மெட்பார்மின் அளவை ஏற்றிவிடும். பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. நீங்களாகக் குறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். காசநோய்க்கு ரிபாம்பிசின் ஆரம்பித்தாலும் உடனே சொல்ல வேண்டும். அப்போது டோலுடெகிராவிர் 50 மி.கி. காலையும் இரவும் தேவைப்படும்.

பொள்ளாச்சி, தேங்காய்க் களம்: இடுப்பு வலிக்கு மெடிக்கலில் ஊசி போட்டுக்கலாமா?

வலிக்குப் போடும் டைக்ளோபினாக் ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். டெனோபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. இதுவும் சேர்ந்தால் ஆபத்து. அளவோடு பாரசிட்டமால் போதும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கோபி: வைரஸ் தெரியலைன்னு ரிப்போர்ட் வந்திருக்குங்க. நிறுத்தலாமுங்களா? வீட்டுக்காரருக்குத் தொத்தாதுங்களா?

சந்தோஷமான செய்தி அம்மணி! ஆனால் நிறுத்தக் கூடாது. வைரஸ் செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, நிறுத்தினால் திரும்ப வரும். மஞ்சள் காமாலை பி வைரஸும் உள்ளவர்களுக்குத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் மோசமாகப் பாதிக்கப்படலாம். தினமும் போட்டு, வைரஸ் தெரியாத நிலையிலேயே இருக்கும் வரை உடலுறவு மூலம் அவருக்குத் தொற்றாது. இதை நம்பி நிம்மதியாக இருங்கள்.

பெயர் போடாதவர்: மெடிக்கலில் இதைச் சொன்னால் ஊருக்கே தெரிஞ்சிடுமே?

அந்தப் பயம் நியாயமானது. நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, “டோலுடெகிராவிர் போடுகிறேன், இதோடு சேருமா?” என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் தயக்கமாக இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போன் போடுங்கள். 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணிலும் பேசலாம்.