பாவாவின் வீட்டில் நவீனம் எங்கே?

வணக்கம். ஜெஃப்ரி பாவாவை நவீனக் கட்டடக்கலைஞர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கட்டிய வீடுகளின் படங்களைப் பார்த்தேன். ஓட்டுக்கூரை, தூண், நடுமுற்றம். நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய எங்கள் ஊர் நாற்சார் வீட்டிலும் இதெல்லாம் இருந்ததே! இதில் நவீனம் எங்கே?
க., யாழ்ப்பாணம்

அன்புள்ள க.,

படங்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தூணை விட்டுவிட்டு வரைபடத்தைப் பாருங்கள்.

1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பாத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குப் பாவா கட்டிய வீட்டை எடுத்துக்கொள்வோம். நாற்சார் வீட்டுக்குப் பெரிய வளவு உண்டு. வீட்டைச் சுற்றிலும் வெளியும் மரங்களும் இருக்கும். ஈனாவின் காணி சின்னது, அதுவும் நகரத்துக்குள். வழக்கம்போல நடுவில் ஒரு பங்களாவை வைத்திருந்தால் நான்கு பக்கமும் எதற்கும் உதவாத ஒடுக்கம்தான் மிஞ்சியிருக்கும். பாவா மதிலை எல்லைக்கே தள்ளிவிட்டு, இருந்த திறந்தவெளியையெல்லாம் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். நடுவில் பெரிய முற்றம், ஓரங்களில் சின்ன முற்றங்கள். காற்று குறுக்கே ஓடும். தெருவில் போகிறவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. அறை எங்கே முடிகிறது, முற்றம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அறைகளைப் பெட்டி பெட்டியாக அடைக்காமல் ஒன்றுக்குள் ஒன்று திறந்துவிடும் இந்தத் திட்டம், வழக்கறிஞராக இருந்து பிறகு லண்டனில் கட்டடக்கலை படித்த ஒருவருடையது. பாட்டனாருடையது அல்ல.

அப்புறம் அந்த ஓடு. நவீனம் என்றாலே நினைவுக்கு வரும், தட்டைக்கூரை போட்ட வெள்ளைப் பெட்டி வீடுகள் கொழும்பு மழைக்குத் தாங்கவில்லை. ஒழுகின, சுவரில் பாசி ஏறியது. ஓடு மட்டும் போட்டாலும் விலகினால் ஒழுகும். பாவா பல கட்டடங்களில் நெளிவான அஸ்பெஸ்டாஸ் தகட்டைப் போட்டு, அதன்மேல் அரைவட்ட ஓடுகளை அடுக்கினார். தகடு மழையைத் தடுக்கும், ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும். நீங்கள் பழமை என்று பார்த்த கூரைக்கு அடியில் தொழிற்சாலைச் சரக்கு இருக்கிறது. (இன்று அஸ்பெஸ்டாஸை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.)

இந்த வழியில் முதலில் நடந்தவர் அவரல்ல. கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1950 வாக்கிலேயே கண்டியில் கருணாரத்ன வீட்டைக் கட்டிவிட்டார், உள்ளூர்க் கைவினைஞர்களைச் சேர்த்துக்கொண்டு. பாவாவின் புகழ் அவரை மறைத்துவிட்டது, அது நியாயமில்லை.

ஈனாவின் வீட்டை நீங்களே போய்ப் பார்க்கலாம். காணி கைமாறியபோது அதைப் பிரித்தெடுத்து, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நெருக்கடிக்காகப் பிறந்த வீட்டைச் சுற்றி இப்போது இடமோ இடம். மதிலுக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை இருப்பதாக நினைத்துக்கொண்டு பாருங்கள்.