வள்ளமும் வாலும்: வாசகர் கேள்வி பதில்

கோடை வருகிறது, தண்ணீர் சம்பந்தமான கேள்விகளை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். நாயையும் ஏற்றிக்கொண்டு துடுப்பு வலிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்ராறியோத் தமிழர்களிடையே இத்தனை பேர் இருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். நானும் எங்கள் லாப்ரடோரும்தான் மிச்சம். அவனுக்கு 32 கிலோ, எனக்கு 54 வயது. நண்பர் வீட்டு பிளாஸ்டிக் கனூவை ஒருமுறை எடுத்துப் போனோம், காரில் ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது. நான் தனியாகத் தூக்கக்கூடிய, அவனும் வசதியாக இருக்கக்கூடிய இலேசான வள்ளம் எது? மகன் கயாக் வாங்கச் சொல்கிறான். (ஸ்காபரோ வாசகி)

பதில்: மகன் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர் போலிருக்கிறது. 32 கிலோ நாய்க்குக் கனூதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாதாரணக் கயாக்கில் நீங்கள் கால் நீட்டி உட்காரும் அதே குழிக்குள்தான் அவனும் இருக்கவேண்டும். உங்கள் தொடைகளுக்கு நடுவே ஒரு லாப்ரடோர் எழும்பி நின்றால், இருபக்கமும் அலகுள்ள அந்தத் துடுப்பு ஒவ்வொரு வீச்சிலும் அவன் தலையைத் தட்டும், தட்டாவிட்டால் முகத்தில் தண்ணீரைச் சொட்டும், ஐந்து நிமிடத்தில் அவன் இறங்கிப் போக வழி பார்ப்பான். மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த கயாக்கில் இடம் உண்டு, விழுந்த நாய் திரும்பி ஏறுவதும் சுலபம். ஆனால் அவை பெரும்பாலும் பிளாஸ்டிக். பெரிய நாயையும் தாங்கக்கூடிய 12 அடி நீளத்தில் 60, 70 இறாத்தல் நிறுக்கும். நண்பரின் கனூவில் பட்ட பாடு திரும்பவும் ஆரம்பம்.

இனி எடை. 16 அடிக் கனூ ஒன்றை எடுத்துக்கொண்டால் பொலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் 75 முதல் 85 இறாத்தல், டி-ஃபார்மெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 60, கெவ்லர் போன்ற அரமிட் நாரில் 40 முதல் 50, கார்பன் கலந்தால் இன்னும் சில இறாத்தல் குறைவு. உங்களுக்கு நான் சொல்லுவது அரமிட் நாரில் செய்த 15 அடிக் கனூ. நாற்பது இறாத்தலை ஒட்டி வரும், அதாவது 18, 19 கிலோ. இலேசாக வேண்டும் என்று 12 அடிக்கு இறங்கிவிடாதீர்கள். அந்தச் சின்னக் கனூக்கள் 20, 25 இறாத்தல்தான், தூக்க அருமையாக இருக்கும், ஆனால் உங்கள் லாப்ரடோர் ஏறியதும் விளிம்பு தண்ணீரை முத்தமிடத் தொடங்கும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே எல்லோரும் ஏறிய பிறகும் 15 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. அதைக் கைவிடக் காரணம் எதுவும் இல்லை.

அகலம் நடுவில் 33 முதல் 36 அங்குலம் இருக்கட்டும், அடி மிக வளைவாக இல்லாமல் ஓரளவு தட்டையாக. வளைந்த அடி வேகமாக ஓடும், நல்ல ஓட்டுநர் விரும்புவார். ஆனால் கரையில் ஒரு வாத்தைக் கண்டு 32 கிலோ திடீரென இடப்பக்கம் சாயும்போது வேகம் யாருக்கு வேண்டும்?

நாய் எங்கே இருக்கும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் கனூ பார்க்கவே போகவேண்டும் என்பது என் கட்சி. இருவர் கனூவைத் தனியாக ஓட்டுகிறவர்கள், முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கத்தை முன்பக்கமாக்கி ஓட்டுவது வழக்கம். அப்படி உட்கார்ந்தால் கனூவின் நடுவுக்குக் கிட்ட இருப்பீர்கள், உங்களுக்கு எதிரே நீளமான வெற்றிடம் கிடைக்கும், நாய் அங்கே படுத்தால் எடை சமமாகிவிடும். இது முன்னும் பின்னும் ஒரே வடிவமுள்ள கனூக்களில்தான் சரியாக வரும், அதைக் கடையில் கேளுங்கள். முன் இருக்கைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே அவன் படுக்கும் அளவுக்கு நீள இடம் இருக்கிறதா என்று அளவுநாடா வைத்தே பாருங்கள். சில கனூக்களில் சட்டங்கள் நெருக்கமாக இருக்கும், நாய் பாதி உடம்பை இங்கேயும் பாதியை அங்கேயும் போட்டுக்கொண்டு நெளியும். அவன் நடந்து உங்களிடம் கொஞ்ச வந்தால் முன்முனை தூக்கிக்கொள்ளும், தூக்கிய முனையைக் காற்று பிடித்துத் திருப்பும், நீங்கள் ஒருபக்கமாகவே வலித்து வலித்துக் களைப்பீர்கள். ஆகவே 'படு' என்ற சொல்லுக்கு அவன் கட்டுப்படுவது கார்பனால் குறையும் நாலு இறாத்தலைவிடப் பெறுமதியானது.

காரில் ஏற்றுவதற்கு ஒரு வழி: கனூவை முழுதாக ஒரே வீச்சில் தூக்கவேண்டாம். காரின் பின்புற மேல்விளிம்பில் குளியலறை ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, கனூவின் ஒரு முனையை அதில் சாத்திவிட்டு, மறுமுனையைத் தூக்கித் தள்ளுங்கள். பாதி எடைதான் கையில் வரும். 40 இறாத்தல் கனூவில் இது தனி ஆளுக்குச் சுகமாக முடியும், 80 இறாத்தலில் முடியாது என்றில்லை, ஆனால் மூன்றாம் முறை போக மனம் வராது. கனூ கராஜிலேயே கிடப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். புதிய அரமிட் கனூ மூவாயிரம் டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. லண்டன் நகரத்து நோவா கிராஃப்ட், வடக்கே ஸ்விஃப்ட் என்று இந்த மாகாணத்திலேயே செய்கிறார்கள். வாங்குவதற்கு முன் அல்கோன்குயின் பூங்காவுக்குப் போய் ஒருநாள் கெவ்லர் கனூ வாடகைக்கு எடுங்கள், நெடுஞ்சாலை 60 பக்கத்தில் வாடகைக் கடைகள் உண்டு. கனூ லேக்கில் தொடங்கி ஜோ லேக்குக்குப் போனால் நடுவே கனூவைத் தோளில் சுமக்கவேண்டிய தூரம் 300 மீட்டருக்கும் குறைவு. சுமக்க முடிகிறதா, அவன் படுக்கிறானா என்ற இரண்டுக்கும் அங்கேயே விடை தெரிந்துவிடும். ஒன்று, அந்த நடையில் நாயின் வாரை இடுப்பில் கட்டிக்கொள்ளாதீர்கள். தோளில் கனூ இருக்கும்போது அணில் ஒன்று குறுக்கே ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் அவனையும் பையையும் கொண்டுபோய் மறுமுனை மரத்தில் கட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள். கட்டும் வார் 2 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பது மாகாணப் பூங்காக்களின் சட்டம், காட்டுக்குள்ளேயும் அதேதான்.

கேள்வி: மாடிக் குடியிருப்பில் 11-ஆம் தளம். ஷிட்சூ, 6 கிலோ. கராஜ் இல்லை, பால்கனியில் எதையும் வைக்க விடமாட்டார்கள். எங்களுக்கு வழி உண்டா? (மிஸிசாகா)

பதில்: உண்டு. 6 கிலோ நாய்க்குக் கயாக் தாராளம், மேலே சொன்ன தலைதட்டும் பிரச்சினை இங்கே பெரிதாக இல்லை, கால்களுக்கு நடுவே சுருண்டு படுத்துவிடும். உங்களுக்கு இரண்டு வகை: மடிப்பது, ஊதுவது. காகிதப் படகு மாதிரி பிளாஸ்டிக் தகட்டை மடித்துச் செய்யும் 'ஓரு' (Oru) என்ற நிறுவனத்தின் கயாக்கில் சின்ன மாதிரி 20 இறாத்தலை ஒட்டி வரும், பெட்டிபோல மடிந்து அலமாரிக்குள் போகும், நகக் கீறலுக்குப் பயமில்லை. ஊதுவது விலை குறைவு. ஆனால் மெத்தை மாதிரி நெளிகிற மலிவான சாமானை விட்டுவிட்டு, அடித்தளம் உயர் அழுத்தத்தில் பலகை போல இறுகி நிற்பதை வாங்குங்கள், நெளியும் தரையில் நாய் நிம்மதியாக நிற்காது. வீட்டுக்கு வந்ததும் மடிப்புகளுக்குள் ஈரம் இல்லாமல் காயவைக்க இடம் வேண்டும், உங்களுக்கு அது குளியல்தொட்டிதான், வேறு வழியில்லை.

ஊதும் கயாக் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் இருக்கிறீர்கள். வடக்கேயிருந்து காற்று வீசும் நாளில் கரையோரத் தண்ணீர் கண்ணாடி போல அமைதியாகத் தெரியும், ஆட்கள் அதைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். கொஞ்சம் வெளியே போனதும் அதே காற்று உங்களை நடு ஏரிக்குத் தள்ளத் தொடங்கும், தண்ணீரில் ஆழம் பதியாத ஊதும் வள்ளத்தை மற்றதைவிட வேகமாகத் தள்ளும். அப்படிப்பட்ட நாளில் போர்ட் கிரெடிட்டில் கிரெடிட் ஆற்றுக்குள்ளேயே இருங்கள், அல்லது கிழக்கே ரூஜ் ஆற்று முகத்துக்கோ பிக்கரிங்கின் ஃப்ரெஞ்ச்மன்ஸ் பேக்குள்ளோ போங்கள்.

கேள்வி: நாயின் நகம் கெவ்லரைக் கிழிக்காதா? கடைக்காரர் பிளாஸ்டிக்கே நல்லது என்கிறார். (ஏஜாக்ஸ்)

பதில்: கிழிக்காது. உள்ளே பிசின் பூச்சில் வெள்ளைக் கோடுகள் விழும், அவ்வளவுதான். கெவ்லரின் எதிரி நகம் இல்லை, கல். மிதக்கும் நிலையிலேயே ஏறி இறங்கவேண்டும், கால் நனையத்தான் செய்யும். கரையில் இழுக்கக்கூடாது, வெயிலில் மாதக்கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது. நாய்க்குத்தான் அந்தப் பிசின் தரை பிரச்சினை, ஈரமானால் வழுக்கும், வழுக்கினால் பயப்படும், பயந்தால் நிற்கவே நிற்காது. தண்ணீர் உறிஞ்சாத உடற்பயிற்சி விரிப்பு ஒன்றை வெட்டிப் போடுங்கள். அதே விரிப்பைக் கொஞ்ச நாள் வரவேற்பறையில் போட்டு அதில் படுக்கப் பழக்கிவிட்டுக் கனூவுக்குக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: எங்கள் ஹஸ்கி எப்போது குதிப்பாள் என்று சொல்ல ஏலாது. இருக்கையில் கட்டிவைக்கலாமா? (பிரம்டன்)

பதில்: கூடாது. கவிழ்ந்தால் வள்ளத்துக்கு அடியில் அவள் மாட்டிக்கொள்வாள், அந்தப் பதற்றத்தில் முடிச்சை அவிழ்க்க உங்களுக்குக் கை வராது. நீளமான வாரைச் சும்மா இழுபட விடுவதும் அதே ஆபத்துதான்.

முதுகில் கைப்பிடி தைத்த நாய் லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். நீந்தத் தெரிந்த நாய்க்கும் வேண்டும், ஏனென்றால் மிதப்பதைவிட அந்தக் கைப்பிடியில் பிடித்து உள்ளே தூக்குவதற்குத்தான் அது அதிகம் உதவும். வாங்கும்போது கடையிலேயே பிடித்துத் தூக்கிப் பாருங்கள், சில மலிவுச் சரக்கில் நாய் கழுத்துவழியாக நழுவி விழும். பிறகு ஒரு வெப்பமான நாளில், இடுப்பளவுத் தண்ணீரில், வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். விழுந்த நாய் கரைக்கு நீந்தாது, நேரே உங்களிடம்தான் வரும், உங்கள் தோளில் ஏறப் பார்க்கும். அந்த நகத்தை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மே மாதத்தில் இந்தப் பரிசோதனை வேண்டாம், வெயில் அடித்தாலும் ஏரித் தண்ணீர் அப்போது கொடுங்குளிர்.

உங்களுக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட், விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், இவை கனடாச் சட்டப்படி வள்ளத்தில் இருக்கவேண்டியவை. மற்றது, ஆகஸ்ட், செப்டெம்பரில் பச்சைப் பெயின்ற் கொட்டியது போல் தண்ணீர் தெரிந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடித்தோ உடம்பை நக்கியோ நாய்கள் செத்திருக்கின்றன.

கேள்வி: அந்தக் காலத்தில் பத்து இறாத்தல் கனூ இருந்ததாக என் கணவர் சாதிக்கிறார். உண்மையா, கதையா? (மார்க்கம்)

பதில்: உங்கள் கணவர் வென்றுவிட்டார். நியூயோர்க் மாநிலத்தில் ரஷ்டன் என்ற வள்ளம் கட்டுபவர் 1883-இல் ஜோர்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்பவருக்குச் செய்துகொடுத்த மரக்கனூ 9 அடி நீளம், பத்தரை இறாத்தல் எடை. அடிரொண்டாக் ஏரிகளில் 250 மைலுக்கு மேல் அதில் போய்வந்தார். ஆனால் சியர்ஸே ஐம்பது கிலோவை ஒட்டித்தான் இருந்தவர், நாயும் இல்லை.

கேள்வி: பழைய ராயலெக்ஸ் கனூ ஒன்று 900 டாலருக்கு விளம்பரத்தில் வந்திருக்கிறது, '16 அடி, மிக இலேசானது' என்கிறார்கள். இரண்டு பேரும் ஒரு பீகிளும் போக வாங்கலாமா? (ஒஷாவா)

பதில்: இரண்டு பேர் தூக்குவதானால் நல்ல தெரிவு. ராயலெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்டிக்கின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. கல்லில் மோதினாலும் நசுங்கித் திரும்பி எழும்பும் சாமான் என்பதால் இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். விளிம்புச் சட்டம் மரமாக இருந்தால் அதன் ஓரமாக மேலிருந்து கீழே ஓடும் வெடிப்புகள் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள், கடும் குளிரில் வெளியே கிடந்தவற்றில் அது வரும். தலைகீழாகக் கவிழ்த்து, இரு முனைகளிலும் மேல் நிறம் தேய்ந்து உள் அடுக்கு தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், பட்டை ஒட்டிச் சரிசெய்யலாம்.

'மிக இலேசானது' என்பதை மட்டும் நம்பாதீர்கள். 16 அடி ராயலெக்ஸ் 60 இறாத்தலை ஒட்டியாவது இருக்கும். குளியலறைத் தராசைக் கூடவே கொண்டுபோங்கள், உங்களில் ஒருவர் கனூவைத் தோளில் வைத்துத் தராசில் ஏற, மற்றவர் எண்ணைப் படிக்கட்டும். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.