ரீஃப் தொட்டிக்கான கால்சியம், கேஎச் கரைசல்களை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன், கடையில் விற்கும் இரட்டைப் பாட்டில் சப்ளிமெண்ட் கட்டுப்படியாகவில்லை, முட்டை ஓடு, ஆப்பசோடா என்று கையில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பசோடா கைகொடுக்கும், முட்டை ஓடு கைகொடுக்காது. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

முதலில், உங்கள் தொட்டிக்கு இது தேவையா என்று பாருங்கள். மீன் மட்டும் இருந்தால் தேவையே இல்லை. மென்பவளங்கள் நாலைந்து இருந்தால், ஒழுங்காகத் தண்ணீர் மாற்றிவந்தாலே புது உப்பில் வரும் கால்சியம் போதும். அக்ரோபோரா, மான்டிபோரா, யூஃபில்லியா மாதிரி கல் எலும்புக்கூடு கட்டும் பவளங்களோ, ட்ரைடாக்னா சிப்பியோ வளர ஆரம்பித்த பிறகுதான் தண்ணீர் மாற்றுவது மட்டும் ஈடுகொடுக்காமல் போகும்.

கடையில் விற்கும் அந்த இரண்டு பாட்டில்களில் ஒன்றில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு கரைத்த தண்ணீர். இன்னொன்றில் சோடியம் பைகார்பனேட்டோ சோடியம் கார்பனேட்டோ கரைத்த தண்ணீர். சில நிறுவனங்கள் நுண்தனிமங்களைக் கொஞ்சம் கலக்கின்றன. மற்றபடி நாம் காசு கொடுப்பது தண்ணீருக்கும் பாட்டிலுக்கும் அதைச் சுமந்து வருவதற்கும்தான். அதே உப்புகளைச் சுத்தமான தரத்தில் பொடியாக வாங்கி நாமே கரைத்தால் பவளத்துக்கு எந்தக் குறையும் வராது.

பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்காகத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் (கேஎச் என்பது இதுதான், இதன் அலகு டிகேஎச்) எப்போதும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கிறது. காரத்தன்மை 1 டிகேஎச் இறங்கினால் கால்சியம் சுமார் 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 7 பங்கு) இறங்கும். இயற்கைக் கடல்நீரில் கால்சியம் 410 முதல் 420 பிபிஎம், காரத்தன்மை 7 டிகேஎச் அளவில் இருக்கிறது. தொட்டிகளில் பலர் 8 அல்லது 9-ல் வைத்துக்கொள்கிறார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். 8-ல் 1 போனால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. 420-ல் 7 போனால் அறுபதில் ஒரு பங்குதான். சில கால்சியம் டெஸ்ட் கிட்டுகளில் ஒரு துளியே 20 பிபிஎம். அந்த 7 பிபிஎம் குறைவு அதில் தெரியவே தெரியாது. அதனால்தான் கால்சியத்தைப் பார்த்துப் பதறுவதை விட்டுவிட்டுக் காரத்தன்மையைக் கவனியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது 7.5-ல் நின்றாலும் சரி, 9-ல் நின்றாலும் சரி. ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இன்றைக்கு 7, நாளைக்கு 10 என்று ஊசலாடும் தொட்டியில்தான் அக்ரோபோரா நுனி வெளுத்துத் தோல் உரிகிறது.

முட்டை ஓட்டுக்கு வருவோம். அதுவும் கால்சியம் கார்பனேட்தானே, தொட்டியில் போட்டால் கரைந்துவிடாதா என்று தோன்றுவது இயல்பு. கரையாது. சாதாரணக் கடல்நீர் ஏற்கெனவே கால்சியம் கார்பனேட் மிகைபூரிதமாக, அதாவது கரையக்கூடிய அளவுக்கும் மேலாக இருக்கும் தண்ணீர். 8-க்கு மேல் பிஎச் (அமில-கார அளவு) உள்ள தண்ணீரில் முட்டை ஓடு, கிளிஞ்சல், பவள மணல் எல்லாம் அப்படியே கிடக்கும். கால்சியம் ரியாக்டர் என்ற கருவியில் பவளத் துண்டுகள் கரைவது, கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி உள்ளே பிஎச்சை 6.5 பக்கம் இறக்குவதால்தான். முட்டை ஓட்டை வினிகரில் கரைத்து ஊற்றலாமே என்பார்கள். கரையும், கால்சியம் அசிட்டேட் கிடைக்கும். ஆனால் அந்த அசிட்டேட் பாக்டீரியாவுக்குத் தீனி. அளவு கூடினால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி ஆக்சிஜன் குறையும். கால்சியம் எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கும் கையில் இருக்காது. கால்சியம் மாத்திரைகளையும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் பாதி கரையாத கார்பனேட், சிலவற்றில் பாஸ்பேட், எல்லாவற்றிலும் மாத்திரையைப் பிடித்துவைக்கும் பசைப்பொருள்.

இனி செய்முறை. உலகெங்கும் ரீஃப் வளர்ப்பவர்கள் பின்பற்றும் அளவு, வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி வகுத்துக் கொடுத்தது. அவர் காலன் கணக்கில் சொன்னதை லிட்டருக்கு மாற்றித் தருகிறேன்.

கால்சியம் கரைசல்: ஒரு லிட்டர் கரைசலுக்கு 132 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் (படிகத்தில் நீர் சேர்ந்த வகை).

காரக் கரைசல்: ஒரு லிட்டர் கரைசலுக்கு 157 கிராம் ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். கரைப்பதற்கு முன் வறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் ஆர்ஓ தண்ணீர், முடிந்தால் மிச்ச உப்புகளையும் நீக்கும் டிஐ வடிகட்டியும் தாண்டிய தண்ணீர். குழாய்த் தண்ணீரில் பாஸ்பேட், சிலிகேட், சில இடங்களில் செம்பும் வரும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு விஷம். முக்கால் பங்கு தண்ணீரில் பொடியைக் கரைத்துவிட்டுப் பிறகு ஒரு லிட்டர் கோடு வரை நிரப்புங்கள்.

ஆப்பசோடாவை வறுப்பது ஏன் என்றால், 157 கிராம் பைகார்பனேட் ஒரு லிட்டரில் முழுவதும் கரையாது, கார்பனேட்டாக மாறினால் எளிதில் கரையும். ஒரு தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஓவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். முழுதாக மாறியதா என்பதைத் தராசு சொல்லிவிடும். மாறும்போது நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுவதால் 100 கிராம் வைத்தால் 63 கிராம்தான் மிஞ்சும். 157 கிராம் வைத்தீர்கள் என்றால் 99 கிராமுக்கு வர வேண்டும். எடை 110-ல் நின்றால் உள்ளே இன்னும் மாறாத சோடா இருக்கிறது, கிளறிவிட்டு மறுபடி வையுங்கள். வறுத்த பொடி கையில் எரியும், தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

ஓவன் இல்லாதவர்களும், தொட்டியின் பிஎச் ஏற்கெனவே 8.4 தாண்டியிருப்பவர்களும் வறுக்காமலேயே செய்யலாம். அப்போது இரண்டு கரைசலையும் பாதி வலுவில் வைத்துக்கொள்ளுங்கள்: லிட்டருக்கு 66 கிராம் கால்சியம் குளோரைடு, 78 கிராம் ஆப்பசோடா. வறுக்காத சோடா பிஎச்சைச் சற்றுக் கீழே இழுக்கும், வறுத்தது மேலே தூக்கும். சன்னல் அடைத்த அறையில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடி, பிஎச் 7.9-லேயே கிடக்கும் தொட்டிகள் நிறைய. அவற்றுக்கு வறுத்ததே நல்லது.

பொருள் வாங்கும்போது சில விஷயங்களில் கறாராக இருங்கள். பேக்கிங் பவுடர் வேறு, பேக்கிங் சோடா வேறு. பவுடரில் மாவுச்சத்தும் அமில உப்பும் இருக்கும், பல நேரம் அந்த அமில உப்பு பாஸ்பேட்டாகவே இருக்கும். துணிக்குப் போடும் சோடாவில் வாசனையோ சலவைப் பொருளோ கலந்திருந்தால் தொடாதீர்கள். கால்சியம் குளோரைடு அலமாரி ஈரத்தை உறிஞ்சவும் சாலைப் பனியை உருக்கவும்கூட விற்கப்படுகிறது. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததால் உணவுத் தரம் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். லேபிளில் 77 சதவீதம் என்றிருந்தால் கிட்டத்தட்ட டைஹைட்ரேட், மேலே சொன்ன எடை பொருந்தும். 94 சதவீதம் என்றிருந்தால் நீர் நீக்கிய வகை. 132-க்குப் பதில் 106 கிராம் போதும். அது கரையும்போது பாத்திரம் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகும். எப்போதும் தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொடிமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். டப்பாவை இறுக்கி மூடாவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இரண்டொரு நாளில் கூழாகிவிடும், பிறகு எடை போட்டுப் பயனில்லை.

எவ்வளவு ஊற்றுவது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, உங்கள் தொட்டிதான் சொல்லும். எதுவும் ஊற்றாமல் காரத்தன்மையை அளந்து எழுதிவையுங்கள். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். 8.4-லிருந்து 7.2-க்கு வந்தால் ஒரு நாளைக்கு 0.4 டிகேஎச் செலவு. உண்மையான தண்ணீர் 100 லிட்டர் என்றால், வலுவான காரக் கரைசலில் 19 மி.லி. ஒரு டிகேஎச் ஏற்றும். ஆக ஒரு நாளைக்கு 8 மி.லி. போதும், பாதி வலுவில் 15 மி.லி. கால்சியம் கரைசலையும் அதே அளவு ஊற்றுங்கள், இரண்டும் சமமாகத் தேய்வதற்கென்றே அந்த எடைகள். கல்லும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்துத்தான் தண்ணீர் அளவைக் கணக்கிட வேண்டும். கண்ணாடிமேல் எழுதியிருக்கும் கொள்ளளவை நம்பி ஊற்றினால் கூடிவிடும். ஏற்கெனவே குறைந்துபோயிருப்பதைச் சரிக்கட்டும்போது ஒரு நாளைக்கு 1 டிகேஎச்-க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இரண்டையும் ஒன்றாக ஊற்றக் கூடாது என்பதை நேரில் பார்த்தால் மறக்காது. ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு கரைசலிலும் ஒரு ஸ்பூன் ஊற்றிப் பாருங்கள். தெளிவாக இருந்த இரண்டும் சேர்ந்த நொடியில் பால்போல வெளுத்து, கொஞ்ச நேரத்தில் அடியில் மாவாகப் படியும். பவளத்துக்குப் போக வேண்டிய கால்சியம் கார்பனேட் அதுதான். தொட்டியில் பம்ப் வேகமாகத் தண்ணீர் தள்ளும் இடத்தில் காரக் கரைசலை மெதுவாக ஊற்றி, அரை மணி விட்டுக் கால்சியத்தை ஊற்றுங்கள். என் தொட்டியில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துவிடுகிறேன்.

கார அளவு மிகையானால் இதே வீழ்படிவு தொட்டி முழுக்க நடக்கும். ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளைப் பொருக்கு கட்டும், காரத்தன்மையும் கால்சியமும் சேர்ந்து சரியும். எண் குறைந்துவிட்டதே என்று இன்னும் ஊற்றுபவர்கள் நிலைமையை மோசமாக்குகிறார்கள். அப்போது நிறுத்திவிட்டு மெக்னீசியத்தை அளந்து பாருங்கள். மெக்னீசியம் கால்சியம் கார்பனேட் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அது மேலும் வளராமல் தடுக்கிறது. அது குறைந்த தொட்டியில் கால்சியமும் காரமும் நிலைக்காது. கடல்நீரில் மெக்னீசியம் சுமார் 1,300 பிபிஎம். 100 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற, மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 8.4 கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) என்றால் 10 கிராம். எப்சம் உப்பை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் சல்பேட் ஏறும், குளோரைடு பெரும்பங்கும் எப்சம் சிறுபங்குமாகக் கலந்துகொள்ளுங்கள். வாசனை, நிறம் சேர்த்த குளியல் எப்சம் வேண்டாம். மெக்னீசியம் மெதுவாகத்தான் செலவாகும், மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

இந்த முறையில் கவனிக்காமல் விடப்படுவது உப்புத்தன்மை. பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் சோடியமும் குளோரைடும் சேர்ந்தால் சாதாரண உப்பு. நாளுக்கு 1 டிகேஎச் செலவாகும் தொட்டியில், ஒரு மாதத்தில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 0.6 பங்கு கூடும். தண்ணீர் மாற்றும்போதும், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் இழுக்கும்போதும் கொஞ்சம் இறங்கும். இருந்தாலும் உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வாரம் ஒரு முறை பாருங்கள்.

இந்தச் சிக்கலே இல்லாத வழி சுண்ணாம்புத் தெளிநீர், நான் மிகவும் விரும்புவதும் அதுதான். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 1.5 கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். 2 கிராம் போட்டுக் குலுக்கி, படிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். கால்சியமும் காரமும் சரியான விகிதத்தில் ஒரே கரைசலில் வந்துவிடும், வேறெதுவும் மிஞ்சாது. ஒரு லிட்டர் தெளிவு 100 லிட்டர் தொட்டியில் சுமார் 1.1 டிகேஎச் ஏற்றும். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக இதையே சொட்டுச் சொட்டாக விடலாம். பிஎச் இறங்கும் இரவு நேரம் ஏற்றது. இதன் பிஎச் 12-க்கு மேல், அதனால் ஒரேயடியாகக் கொட்டினால் பவளமும் மீனும் தாங்காது. கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆவியாகும் அளவுக்கு மேல் விட முடியாது என்பதால் பவளம் அடர்ந்த தொட்டிக்கு இது மட்டும் போதாது. அங்கே மிச்சத்தை மேற்சொன்ன இரண்டு கரைசல்களால் ஈடுகட்டலாம்.

கால்சியம், காரம், மெக்னீசியம் இந்த மூன்றோடு வீட்டுத் தயாரிப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். அயோடின், ஸ்ட்ரான்சியம், இரும்பு என்று அடுத்து கேட்கத் தோன்றும். கடல்நீரில் அயோடின் 0.06 பிபிஎம், ஸ்ட்ரான்சியம் 8 பிபிஎம். சமையலறைத் தராசில் இந்த அளவுக்குத் துல்லியம் கிடைக்காது. அயோடினைச் சாதாரண கிட்டில் நம்பி அளக்கவும் முடியாது. அளக்க முடியாததை ஊற்ற வேண்டாம். மிச்சப்படும் காசில் நல்ல கேஎச் கிட் ஒன்றும் 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்றும் வாங்குங்கள். நுண்தனிமங்களுக்கு வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும்.