கேளுங்க சொல்றேன்: டிவிஷன் போச்சு, பக்கத்து ஊர் மேட்ச் என்னாச்சு?

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்திதான். பசங்க அங்க படிக்கிற அப்பா அம்மா, படிச்சு முடிச்சு அங்கயே செட்டில் ஆனவங்க, ராத்திரி முழிச்சு டிவில பாக்கிறவங்கன்னு எல்லாரும் கேக்கிறது ஒண்ணுதான்: கான்ஃபரன்ஸ்ல (தங்களுக்குள்ள ஆடிக்கிற காலேஜ்களோட கூட்டணி) டீம் கூடிக்கிட்டே போகுது, டிவிஷனைக் (அதை ரெண்டா பிரிச்ச பாதி) கலைச்சிட்டாங்க, ஷெட்யூல் வருஷா வருஷம் மாறுது, இதுல என்னதான் நடக்குதுன்னு. அதனால இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கிறேன்.

கேள்வி: என் பையன் ஆஸ்டின்ல டெக்சஸ் யூனிவர்சிட்டில படிக்கிறான். அவங்க ஆடுற எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ்ல முன்னாடி ஈஸ்ட், வெஸ்ட்னு டிவிஷன் இருந்துச்சாம், இப்ப இல்லையாம். அது எதுக்கு வந்துச்சு, ஏன் போச்சு? (ஒரு அம்மா, ஹூஸ்டன்)

பதில்: பெரிய காலேஜ் லெவல்ல இது ஆரம்பிச்சதே உங்க பையன் டீம் இப்ப இருக்கிற எஸ்.இ.சி.லதாம்மா. 1987-ல காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, ஒரு கான்ஃபரன்ஸ்ல 12 டீம் இருந்து, அதை ரெண்டா பிரிச்சு, ஒவ்வொரு பாதிக்குள்ளயும் எல்லாரும் எல்லாரோடயும் ஆடினா சீசன் கடைசில ஒரு சாம்பியன்ஷிப் மேட்ச் எக்ஸ்ட்ராவா வெச்சுக்கலாம்னு. அதைக் கேட்டு வாங்கினது பென்சில்வேனியால ரெண்டாம் மட்டத்துல ஆடுற சின்ன காலேஜ்கள்தான். அந்த ரூலை எஸ்.இ.சி. கமிஷனர் ராய் கிரேமர் கையில எடுத்தார். ஆர்கன்சாவும் சவுத் கரோலினாவும் சேர்ந்து 12 ஆச்சு, 1992-ல ஈஸ்ட் வெஸ்ட்னு பிரிச்சாங்க, அந்த டிசம்பர்ல பர்மிங்ஹாம் லீஜியன் ஃபீல்டுல முதல் ஃபைனல். அலபாமா அந்த சீசன்ல ஒரு மேட்ச் கூட தோக்கல, இந்த எக்ஸ்ட்ரா மேட்ச்ல தோத்தா நேஷனல் டைட்டில் கைய விட்டுப் போயிடும். 21-21னு நிக்கும்போது ஃப்ளோரிடா போட்ட பாஸை ஆன்டோனியோ லாங்ஹாம் நடுவுல பறிச்சு அப்படியே ஓடி டச்டவுன் போட்டார், 28-21, அப்புறம் அலபாமா நேஷனல் சாம்பியனும் ஆச்சு. அந்த ஒரு பாஸ் வேற மாதிரி போயிருந்தா இந்த ஃபைனல் ஐடியாவையே எல்லாரும் சேர்ந்து திட்டியிருப்பாங்க. ஆனா நல்லபடியா முடிஞ்சுது, டிவி காசும் வந்துச்சு, அப்புறம் ஒவ்வொரு கான்ஃபரன்ஸா 12-ஐ நோக்கி ஓட ஆரம்பிச்சாங்க.

ஏன் போச்சுன்னா, ரெண்டு பாதியும் எப்பவும் சமமா இருக்கிறதில்ல. பிக் டென்ங்கிற இன்னொரு கான்ஃபரன்ஸ்ல 2014-லேர்ந்து 2023 வரைக்கும் ஈஸ்ட், வெஸ்ட்னு வெச்சிருந்தாங்க, அந்த பத்து ஃபைனலையும் ஈஸ்ட்தான் ஜெயிச்சுது, பத்துக்குப் பத்து. முதல் வருஷம் ஒஹாயோ ஸ்டேட் 59-0ன்னு விஸ்கான்சினை அடிச்சுது, கடைசி வருஷம் மிச்சிகன் 26-0ன்னு ஐயோவாவை அடிச்சுது. ரெண்டாவது நல்ல டீம் ஈஸ்ட்லயே வீட்டுல உக்காந்திருக்கும், ஃபைனலுக்கு வெஸ்ட்லேர்ந்து ஒரு டீம் வந்து வாங்கிக் கட்டிக்கிட்டுப் போகும். 2022 மே மாசம் என்.சி.ஏ.ஏ. டிவிஷன் கட்டாயம் இல்லன்னு சொன்னதும் பேக்-12 கான்ஃபரன்ஸ் அதே நாளே கலைச்சாங்க, 2023-ல ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ், 2024-ல எஸ்.இ.சி.யும் பிக் டென்னும். இப்ப டேபிள்ல முதல் ரெண்டு இடத்துல இருக்கிறவங்க ஃபைனல் ஆடறாங்க.

கேள்வி: ஒரே கான்ஃபரன்ஸ்ல இருந்துக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் வருஷக்கணக்கா பாக்காமலே இருக்காங்களே, இது எப்படி சார்? (ஒரு வாசகர், அட்லாண்டா)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதணும்னு தோணுச்சு. நான் இதை பேப்பர்ல கோடு போட்டுப் பாத்தேன், நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. 2012-ல டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் (டெக்சஸ் யூனிவர்சிட்டி இல்ல, அதே ஸ்டேட்ல வேற காலேஜ்) மிசூரியும் வந்ததும் எஸ்.இ.சி. 14 ஆச்சு, ஒரு பக்கம் 7. கான்ஃபரன்ஸ் மேட்ச் வருஷத்துக்கு 8தான். சொந்த டிவிஷன்ல 6 பேர், அந்தப் பக்கத்துல ஒருத்தர் நிரந்தரம், ஏன்னா அலபாமா - டென்னிசி மாதிரி, ஜார்ஜியா - ஆபர்ன் மாதிரி நூறு வருஷத்துக்கு மேல பழசான மேட்ச் டிவிஷன் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மாட்டிக்கிச்சு, அதை விட முடியாது. மிச்சம் எத்தனை? ஒண்ணே ஒண்ணு. அந்த ஒரு இடத்துல அந்தப் பக்கத்து மிச்ச 6 டீமும் வரிசையா வரணும். அதாவது ஒருத்தரை ஒரு தடவை பாத்தா அடுத்து பாக்க ஆறு வருஷம், அவங்க ஊருக்கு நாம போய் அவங்க நம்ம ஊருக்கு வர்றதுக்கு பன்னெண்டு வருஷம். ஒரு பையன் காலேஜ்ல இருக்கிறதே நாலு வருஷம்.

உங்க ஊர் டீம் ஜார்ஜியாவையே எடுத்துக்கோங்க. ஏ அண்ட் எம் சேர்ந்தது 2012-ல, ஜார்ஜியா அவங்களோட முதல் எஸ்.இ.சி. மேட்ச் ஆடினது 2019-ல, அதுவும் ஜார்ஜியாவோட சொந்த ஊரான ஏதென்ஸ்ல, 19-13 ஜார்ஜியா ஜெயிச்சுது. 2025 சீசன் முடியற வரைக்கும் ஜார்ஜியா ஒரு எஸ்.இ.சி. டீமா ஏ அண்ட் எம் ஊரான காலேஜ் ஸ்டேஷன்ல காலே வெக்கல. பதினாலு சீசன். ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை கூட முகம் பாக்காம இருக்கிற ரெண்டு பேரை ஒரே குடும்பம்னு எப்படிச் சொல்றது?

ஏ.சி.சி.ல இன்னும் மோசம். நார்த் கரோலினாவும் வேக் ஃபாரெஸ்ட்டும் ஒரே ஸ்டேட்டு, 1888-லேயே ஒருத்தரோட ஒருத்தர் ஆடினவங்க, ஆனா டிவிஷன் வேற வேற. காத்துக் காத்து அலுத்துப் போய் ரெண்டு காலேஜும் 2019-லயும் 2021-லயும் தாங்களே ஏற்பாடு பண்ணி ஆடிக்கிட்டாங்க, கான்ஃபரன்ஸ் டேபிள்ல சேராத வெளி மேட்ச்சா! ஒரே கான்ஃபரன்ஸ்ல இருக்கிற ரெண்டு டீம், வெளி ஆள் மாதிரி டேட் கேட்டு வாங்கி ஆடறாங்க. அதைப் படிச்சப்ப எனக்கு நிஜமாவே கஷ்டமா இருந்துச்சு.

2024-ல டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து 16 டீம் ஆன எஸ்.இ.சி. 2026-லேர்ந்து 9 மேட்ச்சுக்கு வந்திருக்காங்க, இது நல்ல கணக்கு. உங்களுக்கு எதிரா 15 பேர், அதுல 3 பேர் வருஷா வருஷம் நிரந்தரம், மிச்சம் 12, வருஷத்துக்கு 6 பேரா ஆடினா ரெண்டு வருஷத்துல எல்லாரையும் பாத்தாச்சு, நாலு வருஷத்துல எல்லா ஊருக்கும் போயாச்சு. படிக்க வர்ற பையன் டிகிரி வாங்கறதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லா டீமும் அவன் ஸ்டேடியத்துக்கு ஒரு தடவையாவது வந்துடும். இதை முதல்லயே பண்ணியிருக்கலாம்னுதான் என் வருத்தம்.

கேள்வி: மிசூரியை ஏன் ஈஸ்ட்ல போட்டாங்க? மேப்ல பாத்தா அது மேற்கால இருக்கே? (ஒரு மாணவர், செயின்ட் லூயிஸ்)

பதில்: நீங்க பாத்தது சரி தம்பி. அப்ப இருந்த 14 டீம்ல ஏ அண்ட் எம், ஆர்கன்சா ரெண்டையும் விட்டா மேற்கால இருந்தது மிசூரிதான். ஆனா நியாயமா கிழக்கே தள்ள வேண்டிய ஆபர்னைத் தள்ளினா அலபாமாவுக்கு ஆபர்ன், டென்னிசி ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போயிடுவாங்க, நிரந்தர இடமோ ஒண்ணுதான். மிசூரி வந்து 2013, 2014 ரெண்டு வருஷமும் ஈஸ்டை ஜெயிச்சுது.

கேள்வி: 16 டீமை நாலு நாலா நாலு குரூப்பா பிரிச்சு சுத்த விட்டா ஈஸியா இருக்காதா? (ஒரு வாசகர், சான் ஹோசே)

பதில்: பண்ணிப் பாத்தாங்க சார், உங்க ஊர் காலேஜும் அதுல இருந்துச்சு. 1996-ல டபிள்யூ.ஏ.சி. கான்ஃபரன்ஸ் 10-லேர்ந்து ஒரே தாவா 16-க்குப் போச்சு, ஹவாய்லேர்ந்து ஓக்லஹோமால டல்சா வரைக்கும். நாலு நாலா பிரிச்சாங்க, ரெண்டு குரூப் அப்படியே இருக்கும், மிச்ச ரெண்டு குரூப் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பக்கம் மாறும். பேப்பர்ல அழகா இருக்கு. ஆனா பழைய கூட்டாளிங்க வேற வேற குரூப்ல மாட்டிக்கிட்டாங்க, ட்ராவல் செலவு ஏறிச்சு, யார் நம்ம டிவிஷன்லன்னு ரசிகருக்கே மனசுல நிக்கல. 1999-ல எட்டு காலேஜ் தனியா கிளம்பிப் போய் மவுன்டன் வெஸ்ட்டை ஆரம்பிச்சுட்டாங்க. மூணே சீசன்தான் தாங்கிச்சு. பக்கத்து ஊர்க்காரங்களை ஒண்ணா வெச்சிருந்தா குரூப் முறையும் நிக்கலாம், ஆனா அதுக்கு மூணு நிரந்தர டீம் முறையே போதுமே, குரூப்னு ஒரு சுவர் எதுக்கு?

கேள்வி: டிவிஷன் இல்லாததால ஃபைனலுக்கு யார் போறாங்கங்கிறதே குழப்பமா இருக்கு. இது நியாயமா? (ஒரு வாசகர், பென்சில்வேனியா)

பதில்: முழுசா நியாயம்னு சொல்ல மாட்டேன். 2024 பிக் டென்ல 18 டீம், ஆளுக்கு 9 மேட்ச், அதாவது பாதிப் பேரைத்தான் பாக்க முடியும். ஆரிகன் 9-0 (ஒம்பது ஜெயிப்பு, தோல்வியே இல்ல), உங்க பென் ஸ்டேட்டும் இண்டியானாவும் 8-1. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஆடவே இல்ல. நேருக்கு நேர் இல்லாததால எதிராளிங்களோட ரெக்கார்டைக் கூட்டிப் பாத்து பென் ஸ்டேட்டை அனுப்பினாங்க. அடுத்த வருஷம் ஏ.சி.சி.ல விர்ஜீனியா 7-1, அதுக்குக் கீழ அஞ்சு டீம் 6-2ல வரிசையா நின்னுச்சு, கணக்கு போட்டு டியூக்கை ஃபைனலுக்கு எடுத்தாங்க, மொத்த சீசன்ல 7-5 இருந்த டீம், 10-2 இருந்த மயாமி வெளியில. டியூக் போய் ஓவர்டைம்ல 27-20ன்னு ஜெயிச்சும் காட்டிடுச்சு, அந்தப் பசங்களை நான் குறை சொல்லவே மாட்டேன், கொடுத்த சான்ஸை ஜெயிச்சாங்க. ஆனா அடுத்தவன் யாரோட ஆடினான், அவன் எத்தனை ஜெயிச்சான்னு பாத்து உன் சீசனை முடிவு பண்றது களத்துல ஆடினவனுக்கு வலிக்கும். டிவிஷன் இருந்தப்ப ஒண்ணு மட்டும் சுத்தமா இருந்துச்சு, உன் பாதில இருக்கிற எல்லாரையும் நீ ஆடித்தான் வந்திருப்ப.

கேள்வி: பழைய ரைவல்ரி எல்லாம் இப்படியே செத்துப் போயிடுமா? (ஒரு அப்பா, காலேஜ் ஸ்டேஷன்)

பதில்: உங்க ஊர்லேர்ந்தே இந்தக் கேள்வி வந்ததுல சந்தோஷம். முதல்ல செத்ததைச் சொல்லிடறேன். நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் 1928-லேர்ந்து 1997 வரைக்கும் ஒரு வருஷம் விடாம ஆடினாங்க, 1971 தாங்க்ஸ்கிவிங் அன்னைக்கு நெப்ராஸ்கா 35-31ன்னு ஜெயிச்ச மேட்ச்சை இன்னும் பேசறாங்க. 1996-ல பிக் 12 கான்ஃபரன்ஸ் வந்து ஒண்ணை நார்த்லயும் ஒண்ணை சவுத்லயும் போட்டாங்க, அப்புறம் ரெண்டு வருஷம் உண்டு, ரெண்டு வருஷம் இல்ல. அவ்ளோதான், அந்தச் சூடு திரும்ப வரவே இல்ல. ஒரு கோடு கிழிச்சதுல எழுபது வருஷப் பழக்கம் போச்சு. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 1910-லேர்ந்து வருஷா வருஷம் ஆடினது 2023 நவம்பர்ல நின்னுச்சு, கடைசி மேட்ச் 27-24, ஓக்லஹோமா ஸ்டேட் ஜெயிச்சு ஜனம் மொத்தமும் கிரவுண்டுக்குள்ள இறங்கிடுச்சு. ஆரிகனும் ஆரிகன் ஸ்டேட்டும் பேக்-12 உடைஞ்சதும் 2024-ல செப்டம்பர்லயே ஆடி முடிச்சுட்டாங்க. நவம்பர் கடைசில குளிர்ல, மழைல, வருஷம் முழுக்கச் சேத்து வெச்சதை எல்லாம் இறக்கி வெக்கிற மேட்ச் அது. செப்டம்பர் வெயில்ல அது வேற மேட்ச்.

ஆனா உங்க டெக்சஸ் - ஏ அண்ட் எம் மேட்ச் திரும்பி வந்துச்சே. 2011 தாங்க்ஸ்கிவிங் ராத்திரி ஜஸ்டின் டக்கர் கடைசி செகண்டுல ஃபீல்டு கோல் அடிச்சு டெக்சஸ் 27-25ன்னு ஜெயிச்சதோட நின்னது, 2024 நவம்பர் 30-ம் தேதி ஏ அண்ட் எம் ஸ்டேடியமான கைல் ஃபீல்டுல மறுபடி நடந்துச்சு. அன்னைக்கு நான் ஸ்டாண்ட்ல மேல் வரிசைல நின்னுக்கிட்டிருந்தேன். ஏ அண்ட் எம் ஆளுங்க பாட்டு பாடும்போது பக்கத்துல இருக்கிறவங்க தோள் மேல கை போட்டு, கால் பின்னி, ஒரு வரிசை இந்தப் பக்கம், அடுத்த வரிசை அந்தப் பக்கம்னு ரம்பம் அறுக்கிற மாதிரி ஆடுவாங்க, டெக்சஸ் டீமோட சின்னமான மாட்டோட கொம்பை அறுக்கறாங்களாம். காலடில கான்கிரீட் அசையறது தெரியுது. டெக்சஸ் டீம் எதிர்ல இல்லாத பன்னெண்டு சீசனும் அவங்க வாரா வாரம் இதே மாதிரிதான் கொம்பு அறுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு இடது பக்கம் இருந்த ஒரு பெரியவர் பாட்டு முடிஞ்சும் தோள்லேர்ந்து கையை எடுக்கவே இல்ல, டெக்சஸ் பெஞ்சையே பாத்துக்கிட்டு நின்னார், கண்ணு கலங்கியிருந்துச்சு. மேட்ச் 17-7, டெக்சஸ் ஜெயிச்சுது. அவர் இறங்கிப் போகும்போது அடுத்த வருஷம் ஆஸ்டின்ல பாப்போம்னு சொன்னார்.

2026 லிஸ்ட்ல டெக்சஸுக்கு நிரந்தர மூணு பேர் ஓக்லஹோமா, ஆர்கன்சா, ஏ அண்ட் எம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இந்த லிஸ்டைத் திருப்பிப் பாப்பாங்களாம், ஓக்லஹோமாவும் ஆர்கன்சாவும் என்ன வேணா ஆகட்டும், அந்த மூணாவது பேர்ல மட்டும் யாரும் கை வெக்காம இருக்கணும்.